ஒரே கியர் மடக்கு சைக்கிள் மேட்டில் ஏறவில்லை, அவசரம்

புதுவரவு:
வணக்கம். இங்கு வந்ததும் ஒரு பழைய மடக்கு சைக்கிள் வாங்கினேன். ஒரே கியர்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை மேடு. பாதியில் இறங்கித் தள்ளுகிறேன், மூட்டு வலிக்கிறது. மிதிப்பதை இலகுவாக்க வழி உண்டா?

பழையகுடி:
தம்பி, முதலில் டிரைவிங் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். என் முதல் குளிர்காலம் முழுக்க நடைதான். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பஸ் ஓடாது. அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

மேட்டுத்தெரு:
முன் செயின்வீலைச் சின்னதாக மாற்றினால் போதும். 52 பல் இருந்தால் 44 போடுங்கள்.

செயின்பிரியன்:
முன்னால் கை வைக்காதீர்கள். மலிவான சைக்கிள்களில் செயின்வீலைக் கிராங்கோடு (பெடல் மாட்டும் தண்டு) சேர்த்தே அடித்திருப்பார்கள், இரண்டையும் மாற்ற வேண்டிவரும். பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் சுலபம்.

பழையகுடி:
மாற்றி எங்கே வைப்பது? எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை.

தூரதேசி:
உங்களுக்காவது வீடு கிடைத்தது. வேலை இருந்தால்தான் வீடு, முகவரி இருந்தால்தான் வேலை என்று எங்களை அலையவிட்டார்கள்.

செயின்பிரியன்:
அதற்குத் தனி இழை தொடங்கலாம், பாவம் அவருக்குத் திங்கட்கிழமை வேலை. புதுவரவு, மூன்று விஷயம் சொல்லுங்கள். சக்கரம் எத்தனை அங்குலம்? முன்னும் பின்னும் எத்தனை பல்? பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கிறதா?

புதுவரவு:
20 அங்குலம். எண்ணிப் பார்த்தேன் அண்ணா, முன்னால் 52, பின்னால் 16. பின்னோக்கி மிதித்தால் சும்மா சுற்றுகிறது. இரண்டு பிரேக்கும் ரிம்மைத்தான் பிடிக்கின்றன.

செயின்பிரியன்:
அப்படியானால் அந்தப் பின் பல்சக்கரம் மரையில் திருகி ஏற்றும் ஃப்ரீவீலாக (பின்னோக்கி மிதித்தால் சும்மா சுற்றுவது) இருக்கும். 52-ஐ 16-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 65 வரும், இந்த எண் கூடக் கூட மிதிக்கக் கனம். மேட்டுக்கு இது கனம். பின்னால் 18 பல் போட்டால் 58-க்கு இறங்கும், 20 போட்டால் 52. நான் 18 என்பேன். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் சமதளத்தில் மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகலாம், இப்போது 22 கிட்ட வரும். மேடு செங்குத்தென்றால் மட்டும் 20.

மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் இறுகிக்கொண்டே போகும், கையால் கழலாது. அதன் பள்ளங்களுக்குப் பொருந்தும் கழற்றும் கருவி வேண்டும். அது இல்லையென்றால் சக்கரத்தை மட்டும் கழற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள், சின்ன வேலைதான். புதியதை ஏற்றுமுன் மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு:
செயின் நீளம் போதுமா?

செயின்பிரியன்:
இரண்டு பல் கூடினால் அச்சு 6 மில்லிமீட்டர் அளவு முன்னே வரும். பின் அச்சு உட்காரும் பிளவில் அவ்வளவு இடம் இருந்தால் பழைய செயினே போதும், இல்லையென்றால் செயினை நீட்ட வேண்டும். செயினை நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் மேட்டில் கழன்றுவிடும். சக்கரம் நகர்ந்ததும் பிரேக் கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையே அந்த மேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அச்சு நட் இரண்டையும் மறுபடி இறுக்குங்கள்.