சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் பயண நேரமும்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மா அடுத்த மாதம் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு, இடையில் எங்கும் நிற்காத விமானத்தில் செல்லவிருக்கிறார். இரண்டுக்கும் இடையிலான தூரம் ஓர் இணையதளத்தில் 15,350 கிலோமீட்டர் என்றும், வேறொன்றில் 16,700 என்றும் உள்ளது. பயண நேரமும் ஓரிடத்தில் 17 மணி, மற்றோரிடத்தில் ஏறக்குறைய 19 மணி. அம்மாவுக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டதால், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எதை நம்புவது?

பதில் 1:
இரண்டு தூரமும் சரிதான். 15,350 என்பது பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இந்தத் தடத்துக்கு அதை நீங்களே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் கென்னடி மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் உள்ளன. கூட்டினால் 178, அதாவது பூமியில் ஏறத்தாழ நேரெதிர்ப் பக்கங்கள். ஆகவே குறுக்குவழி வட துருவத்தை ஒட்டியே அமைகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து கென்னடிக்கு 49.4 பாகை, மொத்தம் 138, பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,345 கிடைக்கும்.

விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், சுற்றுவழியானாலும் பசிபிக் பெருங்கடலின் மேல் அதைப் பின்காற்றாகப் பிடித்துச் செல்வதே பெரும்பாலும் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் லாபம். 16,700 என்பது அவ்வாறான வழியின் நீளம். திரும்பும்போதும் பல நாட்களில் எதிர்காற்றைத் தவிர்க்க அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள்.

17 மணி என்பது குறுகிய தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்த விடை மட்டுமே. பயணச்சீட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும் அதில் அடக்கம்.

பதில் 2:
இந்தத் தடத்தில் ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகை பறக்கிறது. அது 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். 2004இல் நியூயார்க்குக்கு அருகிலுள்ள நெவார்க்குக்கு இதே போன்ற சேவை தொடங்கியபோது பயன்பட்ட ஏ340-500, நான்கு இயந்திரங்களுடன் எரிபொருளை மிகுதியாகக் குடித்ததால், 2013இல் சேவை நின்றது. 2018இல்தான் மீண்டும் தொடங்கியது. இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது என்பதால் அம்மாவுக்குக் கால் நீட்டச் சற்று இடம் இருக்கும்.

பதில் 3:
கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இரவு 11.30க்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6.10, நியூயார்க்கிலோ கோடையில் காலை 6.10, குளிர்காலத்தில் 5.10. சீட்டில் ஒரே இரவுப் பயணம் போலத் தோன்றுவது, உடலுக்கு முக்கால் நாளுக்கும் மேல். அம்மா இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுத்துக்கொள்பவரானால், கடைசி வேளை முடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கில் ஓர் அட்டவணையை மருத்துவரிடம் கேட்டு எழுதி, மாத்திரைகளோடு கைப்பையில் வைத்துவிடுங்கள். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால், அவ்வப்போது எழுந்து நடப்பதற்கு யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.