முதலாளி அப்பீல் போட்டிருக்காங்க, இ.டி.டி. ஹியரிங்குக்கு எப்படித் தயாராகறது?

சேலம்_கலா:
வணக்கம். கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட்ல இருக்கேன். கிரீன் கார்டு. நாலு வருஷமா ஒரு பிரீஸ்கூல்ல உதவி டீச்சரா வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன். பிப்ரவரி கடைசியில "அடிக்கடி லேட்டா வர்றே"ன்னு சொல்லி எடுத்துட்டாங்க. வேலை போனவங்களுக்கு உதவித்தொகை தர்ற மாநில அரசு ஆபீஸான இ.டி.டி.யில கிளெய்ம் போட்டேன். ரெண்டு பக்கமும் விசாரிச்சு, தகுதி இருக்குன்னு சொல்லி வாரம் 315 டாலர் வந்துட்டிருக்கு. ஏழு வாரம் வாங்கியாச்சு. இப்ப ஸ்கூல் அப்பீல் போட்டிருக்கு. அடுத்த வியாழக்கிழமை போன்லயே ஹியரிங், ஜட்ஜ் விசாரிப்பார்னு கவர் வந்திருக்கு. கோர்ட் வாசலை மிதிச்சதே இல்ல. கவரைப் பிரிச்சதுல இருந்து வயித்துல புளியைக் கரைக்குது.

நடந்தது இதுதான். என் ஷிஃப்ட் 8:30. டிசம்பர்ல வாய்வார்த்தையா 8:00ன்னு மாத்தினாங்க. மாமனாருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். 7:15க்கு அங்க விட்டுட்டுத்தான் நான் கிளம்பணும். அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். "லேட்டானா டெக்ஸ்ட் பண்ணிடு, பாத்துக்கலாம்"னாங்க. ஒரு நாள் விடாம அனுப்பினேன். கடைசி நாள் மாமனார் பாத்ரூம்ல விழுந்துட்டார், 911 கூப்பிட்டோம். 6:50க்கே டெக்ஸ்ட் போட்டேன். ஆம்புலன்ஸ் கிளம்பினதும் ஓடி, 9:10க்குப் போய் நின்னேன். மதியமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வார்னிங் லெட்டர்ல நான் கையெழுத்து போட்டிருக்கேன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. எனக்கு அப்படி ஞாபகமே இல்ல. ஹியரிங் முடியற வரை பணம் வருமா? என் இங்கிலீஷ் பதட்டத்துல தடுமாறும், வீட்டுக்காரரைப் பேசச் சொல்லலாமா? கிரீன் கார்டுக்கு இதனால ஏதாவது வந்துடுமா?

பாலா_சன்னிவேல்:
அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே கவரைப் பிரிச்சவன்தான். ஒரு வேர்ஹவுஸ் வேலை.

பணம் வரும். தகுதி உண்டுன்னு முடிவான பிறகு, முதலாளி அப்பீல் போட்டார்ங்கிற ஒரே காரணத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 1971லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த வழக்கே கலிஃபோர்னியாவுல இருந்து போனதுதான், ஜாவா வழக்கும்பாங்க. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சர்டிஃபை பண்றதை, அதான் இன்னும் வேலை கிடைக்கல, தேடிட்டிருக்கேன்னு இ.டி.டி.க்கு உறுதி கொடுக்கறதை மட்டும் விட்டுடாதீங்க. ஹியரிங்ல ஜெயிச்சாலும் சர்டிஃபை பண்ணாத வாரத்துக்குப் பணம் வாங்கறது பெரும்பாடு. தோத்துட்டா திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரலாம். தப்பு உங்க மேல இல்ல, கட்டினா குடும்பம் ரொம்ப திண்டாடும்னா தள்ளுபடி கேட்க வழி இருக்கு.

டெக்ஸ்ட் எல்லாத்தையும் இன்னிக்கு ராத்திரியே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேதி, மணி, அவங்க பேர் மூணும் ஒரே படத்துல தெரியணும். நான் தேதி தெரியாம 40 பக்கம் அனுப்பிட்டேன். ஜட்ஜ் ஒவ்வொண்ணா "இது எந்த நாள்?"னு கேட்க, நான் தேடித் தேடியே பாதி நேரம் போச்சு. நீங்க மேல ஒரே ஒரு தாள் வைங்க: தேதி, எத்தனை நிமிஷம் லேட், எத்தனை மணிக்குச் சொன்னீங்க, என்ன பதில் வந்துச்சு. அப்புறம் கேஸ் ஃபைலைக் கேட்டு வாங்குங்க. ஹியரிங்குக்கு முன்னாடி பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஸ்கூல் எழுதிக் கொடுத்தது அதுலதான் இருக்கும்.

வசந்தி_முன்னாள்_எச்ஆர்:
கலா, 11 வருஷம் நான் கம்பெனி பக்கம் உட்கார்ந்து இந்த ஹியரிங்கைப் பார்த்தவள். முதலாளி எதற்கு மெனக்கெடுகிறார் என்றால், உங்களுக்குப் போகும் பணம் அவர் கணக்கில் ஏறி அவருடைய வரி விகிதம் கூடலாம். உங்கள் மேல் இருக்கும் வன்மம் என்று எடுத்துக்கொண்டு மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

வேலையை விட்டு எடுத்தது சரியா தப்பா என்று ஜட்ஜ் பார்ப்பதில்லை. நீங்கள் தெரிந்தே, வேண்டுமென்றே முதலாளியின் நலனை மீறினீர்களா என்பதுதான் கேள்வி. "மிஸ்காண்டக்ட்" என்றால் இங்கே அதுதான் அர்த்தம். 1959-இல் மேவுட் கிளாஸ் வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது: திறமைக் குறைவு, எப்போதாவது வரும் கவனக்குறைவு, நல்லெண்ணத்தில் எடுத்த தவறான முடிவு, இதெல்லாம் மிஸ்காண்டக்ட் ஆகாது. நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் பலமுறை எச்சரித்தும் காரணமில்லாமல் லேட்டாக வந்தால் அது மிஸ்காண்டக்ட் ஆகலாம். ஆகவே உங்களுக்கு உயிர்நாடி மூன்று விஷயம்: காரணம் உங்கள் கையில் இல்லை, முன்கூட்டியே சொன்னீர்கள், அவர்கள் சரி என்றார்கள். டயாலிசிஸ் சென்டரில் நேரம் போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். 911 வந்த நாளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு.

வீட்டுக்காரரை மொழிபெயர்க்க விட வேண்டாம். நோட்டீஸில் உள்ள ஆபீஸுக்கு நாளைக் காலையிலேயே கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசு கிடையாது. வீட்டுக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், மாமனார் விழுந்த அன்று அவர் வீட்டில் இருந்திருந்தால். கிரீன் கார்டு பயமே வேண்டாம். இது உழைத்ததற்கான இன்ஷூரன்ஸ், பப்ளிக் சார்ஜ் (அரசு உதவியை நம்பியே வாழ்பவர் என்று குடியேற்றத் துறை பார்ப்பது) கணக்கில் வராது.

சேலம்_கலா:
ஃபைல் வந்துடுச்சு. நான் கையெழுத்து போட்ட "வார்னிங்"கை இப்பத்தான் பார்த்தேன். அது வார்னிங்கே இல்ல! வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எல்லார்கிட்டயும் வாங்கற வருகை விதித் தாள். அடியில நாலு வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் தேதி இருக்கு. அதுல ஷிஃப்ட் 8:30ன்னே அச்சாகியிருக்கு. படிச்சதும் கை நடுங்கிடுச்சு. அவங்க லேட்டுன்னு எழுதின 9 நாள்ல 7 நாள் நான் 8:30க்கு முன்னாடியே வந்திருக்கேன். ஒன்பது நாளுக்கும் டெக்ஸ்ட் இருக்கு.

வசந்தி_முன்னாள்_எச்ஆர்:
அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். அவர்கள் கொடுத்த தாளே உங்கள் பக்கம் பேசுகிறது. நீங்கள் அவர்களைக் கேள்வி கேட்கும் நேரம் வரும்போது வாதாடாதீர்கள், ஒரே கேள்வி போதும்: "எனக்கு எழுத்தில் எப்போது எச்சரிக்கை கொடுத்தீர்கள்?" பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். சூப்பர்வைசர் வராமல் வேறு யாராவது வந்து "அவர் சொன்னார்" என்று சொன்னால், நேரில் கேட்டீர்களா என்று ஜட்ஜே கேட்பார். கண்ணால் பார்த்தவர் சத்தியம் செய்து சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

பாலா_சன்னிவேல்:
அக்கா, அன்னிக்குத் தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தாலும் எடுங்க. சார்ஜ் ஃபுல்லா இருக்கட்டும். தாள் எல்லாத்துக்கும் பக்க எண் போட்டு மேஜையில பரப்பிக்கோங்க.

சேலம்_கலா:
வியாழன் சாயங்காலம் எழுதறேன். 50 நிமிஷம் ஆச்சு. மொழிபெயர்ப்பு செஞ்சவங்க நம்ம பக்கத்து அம்மா, குரலைக் கேட்டதுமே பாதி பதட்டம் போயிடுச்சு. ஸ்கூல்ல இருந்து டைரக்டர் மட்டும்தான் வந்தாங்க, சூப்பர்வைசர் வரல. ஜட்ஜ் என் டெக்ஸ்ட் ஒண்ணை வாசிச்சு, "ஓகே, டேக் கேர்னு பதில் போட்டவர் உங்க ஊழியரா?"ன்னு கேட்டார். ஆமான்னாங்க. வசந்தி அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "வாயால சொல்லியிருப்போம்"னாங்க. நான் நிறுத்திட்டேன்.

தீர்ப்பு தபால்ல வருமாம். மாமனார் இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கறார். ஞாயிற்றுக்கிழமை சர்டிஃபை பண்ற நாள், காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.