புதுப்பிப்பு: பம்ப் பாகங்களில் குறியீடு (code) பதிக்க எதை எடுத்தோம்

கும்பகோணம் பக்கம் பம்ப் பாகம் செய்யும் எங்கள் பட்டறையில், வார்ப்பிரும்பு கேசிங்கிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்டிலும் டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு (QR மாதிரியான சதுரக் குறியீடு) பதிக்க இங்க்ஜெட்டா, டாட் பீனா (ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துவது), லேசரா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

இங்க்ஜெட் முதலிலேயே கழிந்தது. குறுவை நேரத்தில் பம்ப் சேறும் கிரீசுமாகத்தான் சர்வீசுக்கு வரும். டீசலில் கழுவினால் மை நிற்காது.

கேசிங்குக்கு டாட் பீன். ஊசி குத்தும் குழி ஆழமானது, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தாலும் தப்பிக்கிறது. ஆனால் இதில் கருப்பு வெள்ளை வித்தியாசம் கிடையாது. குழியின் நிழலைத்தான் ரீடர் படிக்கிறது. அதனால் பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். வார்ப்பின் சொரசொரப்பையும் புள்ளி என்று குழப்பிக்கொள்ளும், ஆகவே குறியீடு விழும் இடத்தை மட்டும் மில்லிங் செய்து மட்டமாக்கிவிடுகிறோம். சத்தம்தான் காதைக் கிழிக்கிறது.

ஷாஃப்டுக்கு ஃபைபர் லேசர், வெளியில் ஜாப் ஒர்க். சூடு அதிகமானால் அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும், பவரைப் பார்த்து வைக்க வேண்டும். வளைவில் குறியீட்டின் அகலம் ஷாஃப்டின் விட்டத்தில் சுமார் 16 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

குறியீட்டின் மூலை அடிபட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். உள்ளே ரீட்-சாலமன் பிழைத்திருத்தம் (அழிந்த பகுதியைக் கணக்கிட்டு மீட்கும் முறை) இருப்பதால் கொஞ்சம் சேதத்தைத் தாங்கும். ரீடர் குறியீட்டை அடையாளம் காண ஓரத்தில் L வடிவில் இருக்கும் இரண்டு பக்க முழுக்கோடு சிதைந்தால்தான் சிக்கல்.

போன் கேமரா லேசர் குறியீட்டைப் படிக்கிறது, டாட் பீனில் திணறுகிறது. சாய்வு விளக்குள்ள ரீடர் வைத்திருப்பவர்கள் மாடல் சொல்லுங்கள்.