கிளாசிக் 350-க்கு டேங்க் பேக்: காந்தமா, ஸ்ட்ராப்பா?

கேள்வி: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்கு டேங்க் பேக் (பெட்ரோல் டேங்க் மேல வைக்கிற பை) வாங்கணும். காந்தத்துல ஒட்டுறதா, ஸ்ட்ராப் பட்டையால கட்டுறதா, எது நல்லது? எத்தனை லிட்டர் போதும்?

பதில் 1: கிளாசிக் டேங்க் இரும்பு, காந்தம் நல்லாவே பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் டேங்கைத் துடைச்சிட்டு வைங்க. அடியில மணல் மாட்டினா அதிர்வுல பெயிண்ட் தேய்ஞ்சிடும். ஏடிஎம் கார்டைக் காந்த மடிப்புப் பக்கம் வைக்காதீங்க. பிளாஸ்டிக் மூடி போட்ட டேங்க்னா ஸ்ட்ராப்தான்.

பதில் 2: 10 லிட்டர் தாராளம். பெருசா வாங்கினா மீட்டரை மறைக்கும். பையை நிரப்பி, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க; ஹார்ன் சுவிட்சுல இடிச்சா யூ-டர்ன்ல தொல்லை. ஸ்ட்ராப்னா முன்பட்டையை ஸ்டீரிங் கழுத்துல சுத்துங்க, ஹேண்டில்பார்ல வேண்டாம். கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் நடுவுல சிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: மழைக்கு?

பதில் 2: உறை தனியா வரும். காத்துல பறக்கும், கிளிப் போடுங்க.