35,000 ரூபாய்க்குள்ள முதல் கேமிங் கம்ப்யூட்டர்: வழி சொல்லுங்க அண்ணன்மாரே

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. ரெண்டு வருஷமா சேர்த்தது 35,000 ரூபாய். மானிட்டர் மாமா தந்துட்டாரு. வாலரன்ட், ஜிடிஏ 5 கேம் ரெண்டும் ஓடினா போதும்.

கிராபிக்ஸ் கார்டு பிறகு பார்க்கலாம்னு ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் நினைச்சிருக்கேன். ஆறு கோர், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். நாகர்கோவில்ல ஒரு கடையில 16 ஜிபி ஒத்த ரேம் போதும்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. அந்த கிராபிக்ஸ் ரேமைத்தானே பங்கு போட்டு எடுக்குது? எட்டு எட்டா ரெண்டு போட்டாத்தானே டூயல் சேனல், அதாவது ரெண்டு ரேமும் சேர்ந்து ஓடுற வேகம் கிடைக்கும்?

5600ஜியில பிசிஐஇ (கார்டு சொருகுற பாதை) 3.0 வேகம்தான், அதனால பழைய பி450 மதர்போர்டே போதுமா?

பெரிய கவலை பவர் சப்ளை. இங்க வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். இடி மின்னல்னா கரண்ட் வந்து வந்து போகும். போன ஐப்பசியில செட்டாப் பாக்ஸ் கருகின வாசம் இன்னும் மூக்குல நிக்குது. 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட் வீணாகாம இருக்குறதுக்கான தரச்சான்று) 550 வாட் வாங்கினா, பின்னால கிராபிக்ஸ் கார்டு போட்டா தாங்குமா? யுபிஎஸ்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

மார்த்தாண்டத்துல நம்பி வாங்குற கடை இருக்கா, இல்ல திருவனந்தபுரம் போகணுமா? அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு லீவு, அன்னைக்கே போகணும்.