ஊர்த் திருவிழாவும் பாவாடை அளவும்: பிள்ளைகளின் உடலைப் பற்றிய பேச்சில் நாம் கண்டவை

குடியாத்தம், ஒரு தாய்:

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் இருபது பேருக்குக் குறையாமல் உறவினர் கூடுவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பதின்மூன்று வயது மகளை வாசலிலேயே நிறுத்தி, "இன்னாடி, இப்படி ஊதிப் போய்ட்டே?" என்று என் நாத்தனார் கேட்டார். கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டதால் நான் அதை அன்பாகவே எடுத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம் தையற்காரர் பாவாடைக்கு அளவெடுத்து, எழுதிக்கொள்ளும் பையனுக்குக் கேட்கும்படி இடுப்பளவை உரக்கச் சொன்னபோது, அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னாள். தைத்து வந்த பாவாடையின் கொக்கியை மாட்ட முடியவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு டிபன் பாக்ஸ் ஓரமாக ஒதுக்கிய தயிர்சாதத்துடன் திரும்பி வரத் தொடங்கியது. மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போய், காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த பிறகே வேலூரில் ஒரு குழந்தைநல மருத்துவரிடம் சென்றோம். அவர் பழைய எடைகளையெல்லாம் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துக் காட்டினார். பூப்பெய்தும் காலத்தை ஒட்டிப் பெண் குழந்தைகளுக்கு எடையும் கொழுப்பும் கூடுவதும் இடுப்பு அகலமாவதும் இயல்பு என்றும், உயரத்துக்கு ஏற்ற எடையைப் பார்க்கும் பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கை அப்படியே பிள்ளைகளுக்குப் போடாமல் வயதையும் பாலினத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். அவளுடைய கோடு பல ஆண்டுகளாக ஒரே சீராகத்தான் ஏறியிருந்தது. கவலைப்பட வேண்டியது கடைசி மூன்று மாதச் சரிவு மட்டுமே.

சாப்பிடும்போது யாருடைய உடலைப் பற்றியும் பேசுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்தோம். அதிகம் தடுமாறியவள் நான்தான். கண்ணாடி முன் நின்று "நாளையிலிருந்து எனக்கு ராத்திரிச் சோறு வேண்டாம்" என்று சொல்வது எனக்கே தெரியாமல் பழகிப்போயிருந்தது. அடுத்த திருவிழாவுக்கு முன்பே நாத்தனாரிடம், "அண்ணி, அவ உடம்பப் பத்தி மட்டும் கேக்காதீங்க" என்று தொலைபேசியில் சொன்னேன். வருத்தம்தான் அவருக்கு. ஆனாலும் வந்தன்று வாசலில், "எத்தனாவதுடி போற?" என்று மட்டும் கேட்டார்.

காட்பாடி, ஒரு தந்தை:

ஆண் பிள்ளைகளுக்கும் இது உண்டு. பதினான்கு வயது மகன் கிணற்றில் நீந்தப் போவதை நிறுத்திவிட்டு, அக்னி நட்சத்திரத்திலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் அணிந்திருந்தான். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்பு சற்றுப் புடைத்திருந்ததைக் கூட்டாளிகள் கேலி செய்திருக்கிறார்கள். ஜிம்மில் சேர்த்துப் புரோட்டீன் பவுடர் வாங்கித் தர இருந்தேன். பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு இப்படி ஆவதுண்டு என்றும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாக அடங்கிவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். எனக்கும் அந்த வயதில் இருந்தது என்று அன்றிரவு அவனிடம் சொன்னேன். "நிஜமாவாப்பா?" என்று மூன்று முறை கேட்டான்.

ராணிப்பேட்டை, ஓர் ஆசிரியை:

என் வகுப்பில் நிறம்தான் பட்டப்பெயராகிறது. சிவப்பழகு கிரீமின் பெயரிலிருந்து 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தார்கள். கடைசி பெஞ்சில் அந்த மாற்றம் இன்னும் எடுபடவில்லை. பிள்ளை மனம் விட்டுப் பேசத் தயங்கினால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.

குடியாத்தம், ஒரு தாய்:

அந்தத் தையற்காரரிடம்தான் இப்போதும் போகிறோம். மகள் வீட்டிலேயே டேப்பால் அளந்து, துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து அவர் கையில் கொடுத்துவிடுகிறாள்.