விழப்போகிற பல்லுக்கு வேர் சிகிச்சையா?

தாம்பரம்_அம்மா:
என் மகளுக்கு 5 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை. அந்தப் பக்கம் மெல்லவே மாட்டேன் என்கிறாள், ராத்திரி வலி தாங்காமல் எழுந்து அழுகிறாள். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லின் மேல் கேப் (உறை) போடச் சொல்கிறார். என் மாமியார், "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கும்மா தண்டச் செலவு? கிராம்புத் தைலம் தடவு" என்கிறார். பேசாமல் பிடுங்கிவிடலாமா?

செல்வம்:
பிடுங்குங்க சகோ. என் பையனுக்கு 6 வயதில் முன்பல்லைப் பிடுங்கினோம். புதுப் பல் ஜம்மென்று வந்துவிட்டது.

குழந்தைப்பல்_டாக்டர்:
செல்வம் சார், அது முன்பல். 6, 7 வயதில் தானாகவே விழுந்திருக்கும். இவர் கேட்பது கடைவாய்ப் பல். அது விழ 9, 10 வயதாவது ஆகும், சில பிள்ளைகளுக்கு 12கூட. இந்தக் குழந்தை இன்னும் ஐந்தாறு வருடம் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும்.

மென்று சாப்பிடுவது மட்டும் என்றால்கூட மறுபக்கத்தை வைத்துச் சமாளிக்கலாம். இடம்தான் பெரிய சிக்கல். 6 வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். முன்னால் இருக்கும் பால்பல்லைப் பிடுங்கியிருந்தால் இது அந்தக் காலி இடத்துக்குள் சாய்ந்து நகர்ந்துவிடும். அப்புறம் அங்கே முளைக்க வேண்டிய பல் கோணலாக வரும், அல்லது ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கம்பி கட்ட ஆகும் செலவை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்!

எக்ஸ்ரேயை வாங்கி நீங்களே பாருங்கள். பால்பல்லின் வேர்களுக்கு நடுவில் அடுத்த பல் உருவாகிக்கொண்டிருப்பது தெரியும். பால்பல்லின் வேரில் சீழ் கட்டினால் அந்தப் புதுப் பல்லின் எனாமலும் (கடினமான மேல் உறை) கெடலாம். பால்பல்லில் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். தூக்கத்தைக் கலைக்கும் வலி பெரும்பாலும் அதற்குத்தான் அடையாளம். வெறுமனே அடைத்தால் போதாது என்று உங்கள் டாக்டர் சொல்வது சரி.

கிராம்புத் தைலம் வேண்டாம், குழந்தையின் ஈறு வெந்துவிடும்.

பிடுங்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். வேரைச் சுற்றி எலும்பு அரித்திருந்தால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அப்போது இடம் போகாமலிருக்க ஒரு சின்னக் கம்பி வளையம் வைப்பார்கள். மறக்காமல் கேளுங்கள்.

தாம்பரம்_அம்மா:
நன்றி டாக்டர். செலவுதான் கொஞ்சம் இடிக்கிறது. கேப் வெள்ளி நிறத்தில் இருக்குமாமே, ஸ்கூலில் கிண்டல் செய்வார்களோ?

குழந்தைப்பல்_டாக்டர்:
ஸ்டீல் கேப்தான். கடைவாயில் இருப்பதால் வாயை நன்றாகத் திறந்தால்தான் தெரியும். பல் விழும்போது அதுவும் சேர்ந்தே விழுந்துவிடும். பல் நிறத்திலும் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். எனக்கென்னவோ அது வீண் செலவு.

செலவு இடிக்கிறது என்றால், தாம்பரத்திலிருந்து பீச் ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

பக்கத்துப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டியிருக்கும் இடுக்கில்தான் சொத்தை ஒளிந்திருக்கும். ராத்திரி பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும். சர்க்கரை போட்ட பால் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஃப்ளூரைடு பேஸ்ட் பட்டாணி அளவு எடுத்து நீங்களே தேய்த்துவிடுங்கள்.

செல்வம்:
டாக்டர், என் பையனுக்கு இப்போது 7. பின்னால் புதுசாக வந்த பல்லில் கறுப்பாக ஒரு கோடு. பால்பல் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

குழந்தைப்பல்_டாக்டர்:
அது நான் சொன்ன நிரந்தரப் பல்தான் சார். இந்த வாரமே காட்டுங்கள். வெறும் கறையாக இருந்தால் நல்லது. பள்ளத்தில் சொத்தை ஆரம்பித்திருந்தால் சின்னதாக அடைத்தாலே போதும். தாம்பரம் அம்மா, கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.